ஒரு பெட்டி, ஒரே அளவு: குளிர்கடல் சுழியோடிகளுக்கு

நோர்வேயின் சால்மன் பண்ணைகளிலும், ஸ்கொட்லாந்தின் சிப்பிப் படுகைகளிலும், குளிர்ந்த நீர் எங்கெல்லாம் பிழைப்புக்கு வழியாக இருக்கிறதோ அங்கெல்லாம் இறங்கி வேலை செய்யும் சுழியோடிகளுக்கு,



புரட்டாதி கழிந்தால் மாரிக்கான சாமான் பட்டியல் அலுவலகத்தில் சுற்றத் தொடங்கும். கயிறு, ஷாக்கிள், வலை ஊசி, கம்பிரசர் வடிகட்டி எல்லாம் அளவோடும் தரத்தோடும் எழுதப்பட்டிருக்கும். அவற்றுக்குக் கீழே, யாரோ போன வருடத்துத் தாளைப் பார்த்து எழுதிய ஒரு வரி: "கையுறை, பெரியது, ஒரு பெட்டி." அந்த வரியை இந்த வருடம் அப்படியே விட்டுவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் உங்களோடு தண்ணீருக்குள் இறங்குகிறவன் அல்ல. மேல்தட்டில் நின்று உங்கள் மணிக்கட்டில் வளையத்தைப் பூட்டிவிடுகிறவன், ஏறி வந்ததும் கழற்றிவிடுகிறவன். கழற்றும்போது பார்ப்பது விரல்களைத்தான். வெளிறிப்போய், மெழுகு போட்டதுபோல, குவளையைக்கூடப் பிடிக்க முடியாத விரல்கள். "பரவாயில்லை, பழகிவிட்டது" என்பீர்கள். பழகுவதில்லை. குளிரில் திரும்பத் திரும்ப நனைந்து மரத்துப்போகும் விரலுக்கு, உறையாமலே நரம்பில் காயம் படலாம். பதுங்குகுழிகளில் நின்ற சிப்பாய்களின் பாதங்களைக் கெடுத்ததும் இதே வகைக் காயந்தான். சிலருக்கு அந்த மரப்பும் எரிவும் கோடையிலும் போகாது.

குளிர்நீர் கையை என்ன செய்கிறது என்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கையுறையைத் தேர்ந்தெடுக்கும் முறை அதிலிருந்துதான் வருகிறது. நீர் வெப்பத்தைக் கடத்தும் திறன் காற்றைப்போல ஏறத்தாழ 25 மடங்கு. விரல் மெலிந்தது, அதன் பருமனோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம், சொந்தமாக வெப்பம் உண்டாக்கும் தசை அதில் இல்லை. கிடைக்கும் சூடு முழுவதும் இரத்தத்தோடு வருவது. உடல் குளிரத் தொடங்கியதும் முதலில் மூடப்படுவதும் அந்த இரத்தக் குழாய்தான். விரல்தோலின் வெப்பம் 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகும்போது நுணுக்கமான வேலை தடுமாறத் தொடங்கும். 8 டிகிரியை நெருங்கும்போது தொடு உணர்வே கழன்றுவிடும். ஊசி கையில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் ஆண்டு முழுவதும் நீர் 2 முதல் 4 டிகிரி. அன்டார்க்டிக்காவின் மக்மர்டோவில் ஆய்வாளர்கள் இறங்கும் கடல் மைனஸ் 1.8. நம்முடைய ஃபியோர்டு அவ்வளவு கொடுமை இல்லை, ஆனால் மாசி பங்குனியில் மேல்நீர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வரும்.

விரலைப் பனிநீரில் வைத்திருந்தால் ஐந்து பத்து நிமிடத்தில் சுருங்கிய நாளங்கள் சற்றுத் திறந்து, சூடு வந்து, மறுபடி சுருங்கும். தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர் 1930-இல் இதை எழுதிவைத்தார். "கொஞ்ச நேரம் போனால் கை தானாகச் சூடாகும்" என்று பழைய ஆட்கள் சொல்வது இதைத்தான். பொய் இல்லை. ஆனால் நெஞ்சும் வயிறும் குளிர்ந்திருந்தால் அந்தத் திறப்பு வருவதே அரிது. ஆகவே கைக்கு முதல் கையுறை நெஞ்சில் இருக்கிறது: டிரை சூட்டுக்குள் போடும் உள்ளாடை. இரண்டாவது முன்கையில். விரலை மடக்கும் தசைகள் பெரும்பாலும் முன்கையில்தான் இருக்கின்றன. முன்கை குளிர்ந்தால், விரல் எவ்வளவு சூடாக இருந்தாலும் பிடியில் வலு இராது. கை முழங்கையோடு நின்றுபோன மலிவான உள்ளாடையைப் போட்டுக்கொண்டு கையுறையைக் குறை சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி கையுறைக்கு வருவோம். உலர் கையுறை என்று நாம் ஒரே பெயரால் சொல்வது நான்கு பொருள்களின் சேர்க்கை. நீரைத் தடுக்கும் வெளியுறை, சூட்டைக் காக்கும் உள்ளுறை, இரண்டையும் டிரை சூட்டோடு பூட்டும் வளையம், வளையத்துக்குப் பின்னால் மணிக்கட்டைச் சுற்றி நிற்கும் லேடெக்ஸ் அல்லது சிலிக்கோன் சீல். இந்த நான்கில் மூன்று நெடுநாள் உழைக்க வேண்டியவை. வெளியுறை மட்டும் தேய்ந்து, கிழிந்து, மாற்றப்பட வேண்டியது. நெடுநாள் உழைக்கும் கையுறையைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தடித்த வெளியுறையைத் தேடுகிறார்கள். என் கருத்து வேறு. காசை வளையத்திலும் உள்ளுறையிலும் போடுங்கள். வெளியுறையை உங்கள் கைக்குச் சரியான அளவில், மலிவாக, நிறைய வாங்குங்கள். மேல்தட்டில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில், வளையத்தில் ஏற்றித் தயாராக வைத்த மாற்று இருக்கிறதென்றால், கிழிந்ததைக் கழற்றிப் புதியதைப் பூட்ட ஒரு நிமிடம் போதும்.

வெளியுறை தடித்தால் என்ன ஆகும் என்பதை வலை தைப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு தடவை விரலை மடக்கும்போதும் அந்த ரப்பரையும் சேர்த்து மடக்குகிறீர்கள். காலையில் தெரியாது. மூன்றாவது மீன்கூட்டுக்குப் போகும்போது முன்கை கல்லாகிவிடும். நேராக, தட்டையாக வார்த்த கையுறையைவிட, தளர்ந்த கையின் வளைவிலேயே வார்த்த கையுறை இந்த உழைப்பைக் குறைக்கும். வலம் இடம் இரண்டுக்கும் ஒன்றே என்று விற்கும் மெல்லிய வகைகளில் கட்டைவிரல் பக்கவாட்டில் நீட்டி நிற்கும். பிடிக்கும் வேலைக்கு அவை ஆகா.

அளவுதான் இந்த மடலின் மையம், அதனால் அதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன். ஐரோப்பியத் தரக் கணக்கில் கையுறை எண் என்பது அடிப்படையில் உள்ளங்கைச் சுற்றளவின் அங்குலம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலான கவட்டிலிருந்து 20 மில்லிமீட்டர் மேலே நாடாவைச் சுற்றிப் பாருங்கள். 178 வந்தால் 7, 203 வந்தால் 8, 229 வந்தால் 9, 254 வந்தால் 10. கையின் நீளமும் கணக்கில் உண்டு: 8-க்கு 182 மில்லிமீட்டர், 9-க்கு 192, 10-க்கு 204. சுற்றளவு ஒரு எண்ணிலும் நீளம் இன்னொரு எண்ணிலும் விழும் கைகள் ஏராளம். நம் ஆட்கள் பலருக்கு உள்ளங்கை ஒடுக்கம், விரல் நீளம். அப்படியானால் ஒரே எண்ணில் வேறு வேறு கம்பனிகளின் வார்ப்பைப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. எண் ஒன்றானாலும் வார்ப்பு ஒன்றல்ல.

இந்த அளவு வெறுங்கைக்கு. உள்ளுறையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதைப் போட்டுக்கொண்டுதான் வெளியுறையைப் பார்க்க வேண்டும். மெல்லிய கம்பளிக்குப் பெரும்பாலும் ஓர் எண் கூட எடுக்க வேண்டியிருக்கும், தடித்ததற்குச் சில கைகளில் இரண்டு. கடையில் தலைகீழாக நடக்கிறது: வெளியுறையை வாங்கிவிட்டு, அதற்குள் எவ்வளவு தடித்த கம்பளியைத் திணிக்கலாம் என்று பார்க்கிறோம். சூட்டைக் காப்பது கம்பளி அல்ல, கம்பளிக்குள் சிக்கி நிற்கும் காற்று. பஞ்சுத் தலையணையை இறுக்கிக் கட்டிவிட்டால் அது தலையணையாக இராதே, அதே கதைதான் இதுவும். இறுக்கமான கையுறைக்குள் தடித்த உள்ளுறை, தளர்ந்த கையுறைக்குள் மெல்லிய உள்ளுறையைவிடக் குளிரும். மேலதிகமாக, இரத்த ஓட்டமும் நெருக்கப்படும்.

பெரிதாகப் போனாலும் தொல்லைதான். விரல்நுனியில் மிஞ்சும் ரப்பர் மடிந்து வலைக் கண்ணுக்குள் மாட்டும், கத்தி அதைத்தான் முதலில் தேடிப் பிடிக்கும். உள்ளே கூடுதல் காற்று நின்று, கையை உயர்த்தும்போது விரல்கள் பலூனாக விரியும். ஆகவே போட்டுப் பார்க்கும்போது கையை நீட்டிப் பார்த்துவிட்டு "சரி" என்று சொல்லாதீர்கள். முட்டி மடக்குங்கள், விரல் கணுக்களில் ரப்பர் இழுக்கக் கூடாது. விரல்களை விரியுங்கள், கவட்டில் பிடிக்கக் கூடாது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு சூட்டின் காற்றுப் பொத்தான், மாற்று வாயுவின் வால்வு, கத்தி, எடைப்பட்டியின் கொக்கி, இந்த நான்கையும் ஒவ்வொரு கையாலும் தேடி இயக்கிப் பாருங்கள். அதன் பின்பு ஊசியையும் நூலையும் எடுத்து ஒரு முடிச்சுப் போடுங்கள். முடிச்சு விழவில்லை என்றால் அந்தக் கையுறை எவ்வளவு சூடாக இருந்தாலும் உங்கள் வேலைக்கு உரியதல்ல. மூன்று விரல் மிற்றன் வகைகளை நான் ஒதுக்குவதும் இதனால்தான். வேடிக்கை பார்க்க இறங்குகிறவருக்கு அவை நல்லவை.

பொருத்தத்தில் இன்னொரு பாதி வளையத்தில் ஏற்றும்போது தீர்மானமாகிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. வெளியுறையின் நீண்ட கைப்பகுதியை எந்த இடத்தில் வளையத்தோடு பிணைக்கிறோம் என்பதைப் பொறுத்து, விரல்நுனிக்கும் வளையத்துக்கும் இடையிலான நீளம் மாறும். குறுக்கிப் பிணைத்தால் ஒவ்வொரு பிடியிலும் மணிக்கட்டு இழுபடும். நீட்டிப் பிணைத்தால் கையுறை முன்னால் நழுவி நுனி தொங்கும். உள்ளுறையோடு கையை நுழைத்து, முட்டி மடக்கிய நிலையில் அளந்து, அங்கே குறியிட்டுப் பிணையுங்கள். அடுத்தது கட்டைவிரலின் திசை. கை தளர்ந்து தொங்கும்போது கட்டைவிரல் எங்கே பார்க்கிறதோ, வளையம் பூட்டி முடிந்த நிலையில் கையுறையின் கட்டைவிரலும் அங்கேதான் பார்க்க வேண்டும். சில பாகை திரும்பியிருந்தாலும் நாள் முழுவதும் கை முறுக்கிக்கொண்டே இருக்கும். மாலையில் "மணிக்கட்டு வாதம்" என்று தைலம் தேடும் சிலருக்கு உண்மையில் தேவைப்படுவது வளையத்தைக் கொஞ்சம் திருப்பிவிடுவது.

இப்போது அந்த "பெரியது, ஒரு பெட்டி" என்ற வரிக்கு வருகிறேன். பெரியது என்பது பெரும்பாலும் 9. அது பொருந்தும் கை ஒரு அணியில் பாதி இருக்கலாம். மீதிப் பேர் தொங்கும் விரல்நுனியோடு வேலை செய்கிறார்கள். பெண் சுழியோடிகள் பலருக்கு 7 அல்லது 8 வேண்டும். அவர்கள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள். பேசாமல் இருக்கத் தேவையில்லை. பணியிடப் பாதுகாப்புக் கருவிகள் பற்றிய 1989-ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறிமுறை, எண் 89/656, கருவியை முதலாளி இலவசமாகக் கொடுக்க வேண்டும், அது அணிபவருக்குச் சரியாகப் பொருந்தவும் வேண்டும் என்கிறது. ஐரோப்பியப் பொருளாதார வலயத்தின் வழியாக நோர்வேக்கும் அது பொருந்தும். பிரித்தானியாவில் 1992-இன் விதிகள் இதையே சொல்கின்றன. 2022 ஏப்ரலில் அவை விரிவாக்கப்பட்டு, நிரந்தர ஊழியர் அல்லாத பல வகைத் தொழிலாளர்களுக்கும் உரியதாயின. பொருந்தாத கையுறை, கொடுக்காத கையுறை. அலுவலகத்தில் இதை மரியாதையாகச் சொல்லலாம், ஆனால் எழுத்தில் சொல்லுங்கள். கொள்வனவுக்காரருக்கு இதில் கெட்ட எண்ணம் கிடையாது. ஒரே அளவில் பெட்டியாக வாங்கினால் கழிவு கிடைக்கிறது, அவருக்கு அது போதும். நாம் சொல்லாதவரை அவருக்கு 8 என்ற எண் தெரியப் போவதில்லை.

பொருள் எது என்பது அடுத்த கேள்வி. மீன்பிடித் துறையின் நீல, ஆரஞ்சு நிறப் பி.வி.சி. கையுறைகள்தான் சுழியோடிகளின் வளையங்களில் அதிகம் ஏறுபவை. ஜப்பானின் ஷோவா கம்பனி செய்பவை அவற்றில் பெயர்பெற்றவை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வட நோர்வேயின் ஃபின்மார்க் மீன் ஆலைகளுக்கு வேலைக்கு வந்த நம் தமிழ் மக்களுக்கு இந்த வகை புதிதல்ல. கடலுக்கு மேலே அவர்கள் கைகளில் இருந்ததைத்தான் நீங்கள் கடலுக்குக் கீழே கொண்டுபோகிறீர்கள். பி.வி.சி. உராய்வைத் தாங்கும், எண்ணெயைத் தாங்கும், விலையும் குறைவு. குறை, குளிர்ந்தால் விறைப்பது. நல்ல கலவைகள் விறைப்பைத் தள்ளிப்போடும், மலிவானவை பூச்சியத்தை நெருங்கும்போதே பலகையாகும். கடையில் தொட்டுப் பார்த்து இது தெரியாது. ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்துவிட்டு மடக்கிப் பாருங்கள்.

இயற்கை ரப்பர் குளிரில் மிருதுவாக இருப்பதில் எல்லாவற்றையும் மிஞ்சும். இழுபடும், கையோடு ஒட்டி நிற்கும். ஆனால் டீசலும் ஹைட்ராலிக் எண்ணெயும் அதற்கு ஆகாது, வெயிலும் ஓசோனும் அதை வெடிக்கச் செய்யும், செம்பு அதன் சிதைவை விரைவுபடுத்தும். நம் பண்ணை வலைகளில் பாசி படியாதிருக்கப் பூசுவது பெரும்பாலும் செம்புச் சேர்மம் என்பதை நினைவில் வையுங்கள். பூசிய வலையில் நாள் முழுவதும் கைவைப்பவர் இயற்கை ரப்பரைத் தேர்ந்தால், ஒவ்வொரு இறக்கத்துக்குப் பின்னும் நன்னீரில் கழுவியாக வேண்டும். மணிக்கட்டில் உள்ள லேடெக்ஸ் சீலுக்கும் இதே விதிதான். நைட்ரைல் எண்ணெய்க்கு நல்லது, குத்துக்கும் ஓரளவு தாங்கும், குளிரில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். நியோப்ரீன் வார்ப்புக் கையுறைகள் எல்லாவற்றிலும் நடுவே நிற்பவை.

கையுறையின் புறங்கையில் சுத்தியல் படத்துக்குக் கீழே எண்கள் அச்சிட்டிருக்கும். ஈ.என். 388 என்ற தரச் சோதனையின் முடிவுகள் அவை. முதல் எண் உராய்வு, அதிகபட்சம் 4. அதை நம்பலாம், கயிறும் வலையும் கையாள்பவர் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான்காவது எண் குத்து. அதை நம்பி ஏமாறாதீர்கள். அந்தச் சோதனையில் குத்துவது 4.5 மில்லிமீட்டர் தடித்த, முனை மழுங்கிய எஃகுக் கம்பி. கடல் முள்ளெலி அப்படிக் குத்துவதில்லை. அமெரிக்காவின் மேய்ன் கடற்கரையிலும் வட நோர்வேயிலும் மாரியில், முட்டைப்பை நிறைந்திருக்கும் காலத்தில், பச்சை முள்ளெலியைக் கையால் பொறுக்குகிறவர்களுக்கு இது தெரியும். குத்தில் 4 வாங்கிய கையுறையிலும் அந்த முள் இலேசாக இறங்கிவிடும், முனை உடைந்து ரப்பருக்குள்ளேயே நின்று பின்னர் மெதுவாகக் கசியவிடும். இன்னொன்று, அந்த எண்கள் பிறந்தது 23 டிகிரியில் உள்ள சோதனைக் கூடத்தில். பனிச்செதில் படத்தின் கீழே உள்ள ஈ.என். 511 குளிருக்கான எண். அதுவும் தண்ணீரின் அழுத்தத்தின் கீழே அளந்தது அல்ல. இரண்டு கையுறைகளை ஒப்பிட இந்த எண்கள் உதவும், உங்கள் கையைக் காப்பாற்றும் என்று அவை வாக்குக் கொடுக்கவில்லை.

முள்ளுக்கும் சிப்பி விளிம்புக்கும் வெட்டுக்கும் என் பரிந்துரை, வெளியுறைக்கு மேலே இன்னொரு கையுறை. வெட்டுத் தாங்கும் நூலால் பின்னிய, உள்ளங்கையில் ரப்பர் பூசிய வேலைக் கையுறை ஏதாவது ஒன்று, ஓர் எண் பெரிதாக. அது நனையும், கிழியும், நாறும், எல்லாம் நடக்கட்டும். அதன் கீழே நீர்புகா உறை கிழியாமல் இருந்தால் போதும். ஓர்க்னியில் கையால் சிப்பி எடுப்பவருக்கும் கூட்டின் அடியில் இறந்த மீன் அள்ளுபவருக்கும் இது நன்றாக ஒத்துவரும். ஊசி வேலைக்காரருக்கு ஒத்துவராது. அவர்களுக்கு மேலுறையின் மூன்று விரல்நுனிகளை வெட்டிவிடச் சொல்வேன்.

உள்ளுறையைத் தனியாகக் கழற்ற முடிய வேண்டும். உள்ளே துணி ஒட்டிய வெளியுறைகள் போட இலகுவானவை, ஆனால் ஒருமுறை நனைந்தால் மாரி ஈரத்தில் இரண்டு நாளுக்குக் காயாது. நனைவதற்குக் கிழிசல் தேவையில்லை, உங்கள் வியர்வையே போதும். கம்பளி ஈரமானாலும் கொஞ்சம் சூடு காக்கும், பருத்தி காக்காது. ஒரு நாளுக்கு இரண்டு சோடி வைத்திருங்கள், ஒவ்வொரு இறக்கத்துக்கும் காய்ந்ததைப் போடுங்கள். இதைவிட மலிவான சூட்டு வழி எனக்குத் தெரியாது. மின்கலத்தில் சூடாகும் கையுறைகள் வந்துவிட்டன, நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் சூடு நின்றுபோகும் நாளிலும் ஏறி வருமளவுக்கு உங்கள் கம்பளி இருக்க வேண்டும்.

வளையங்களில் திருப்பிப் பூட்டுபவை, அழுத்திப் பொருத்துபவை, வளையமே இல்லாமல் சூட்டின் கையோடு இழுத்து ஏற்றுபவை என்று பல உண்டு. சுவீடனின் சை டெக், பிரித்தானியாவின் குபி ஆகியவற்றின் வளையங்களை இங்கே அதிகம் பார்க்கிறேன். எது சிறந்தது என்ற சண்டையில் நான் இறங்க மாட்டேன். உங்கள் அணி முழுவதும் ஒரே வகையை வைத்திருங்கள் என்று மட்டும் சொல்வேன். அப்போதுதான் ஒருவரின் மாற்று இன்னொருவருக்கு உதவும், ஓ-ரிங் ஒரே அளவில் வாங்கலாம், மேலே நிற்கும் என் போன்றவர்களின் கை கண்ணை மூடிக்கொண்டே பூட்டும். நீர் வரும் வழி பெரும்பாலும் கிழிசல் அல்ல, இந்த ஓ-ரிங். அதன் கீழே மாட்டிய உள்ளுறை நூல், ஒரு முடி, ஒரு மணல். பூட்டுவதற்கு முன் விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். சிலிக்கோன் கிரீஸ் பளபளப்புத் தெரியும் அளவுக்குப் போதும். அப்பினால் மணலைத்தான் அது சேர்த்து வைக்கும்.

கடைசியாக, அதிகம் வாக்குவாதம் நடக்கும் விடயம். 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகும், கையுறைக்குள் இருந்த காற்று பாதியாகும். 20 மீட்டரில் மூன்றில் ஒன்று. ரப்பர் விரல்களைப் பிடித்து நெரிக்கும், உள்ளுறை நசுங்கும், குளிர் ஏறும், விரல் மடங்க மறுக்கும். இதற்காகச் சீலுக்கு அடியில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, சூட்டின் காற்றைக் கையுறைக்குள் விடுகிறோம். கை சூடாகவும் இலகுவாகவும் ஆகும். விலை என்ன? கையுறை கிழிந்தால் அதே குழாய் வழியாகத் தண்ணீர் சூட்டுக்குள் வரும். கை உயரே இருக்கும்போது கிழிந்தால் சூட்டின் காற்று அந்த வழியே வெளியேறும். வேடிக்கை பார்க்க இறங்குபவருக்கு இது நல்ல பேரம். கத்தி, கம்பி, முள் எல்லாம் கையில் படும் உங்களுக்கு அப்படியல்ல. ஆகவே நான் நிரந்தரக் குழாய்க்கு எதிரி. ஒரு சிறு கயிற்றுத் துண்டை, நுனி கையுறைக்குள் விரலால் பற்றும்படி விட்டு, சீலின் கீழே செருகுங்கள். இறங்கும்போது அது காற்றை விடும். வேலை ஆழம் வந்ததும் விரலால் இழுத்து வெளியே எடுத்துவிட்டால் சீல் முழுதாக மூடிக்கொள்ளும். பிறகு ஏறும்போது கையுறைக்குள் இருக்கும் காற்று விரியும் என்பதை மறவாதீர்கள். சீலுக்கு அடியில் உள்ளுறையின் மணிக்கட்டையே நுழைத்து வைப்பவர்களும் உண்டு. காற்றுப் போகும், உண்மை. ஆனால் நனைந்தால் அந்தக் கம்பளி திரியாகி நீரை முழங்கைவரை ஏற்றிவிடும். முதலில் கரையோரம், ஆழம் குறைந்த இடத்தில் பழகுங்கள். கீழே கையுறைக்குள் தண்ணீர் வந்தால் கையைத் தாழ்த்தி வைத்து, மேலே சொல்லிவிட்டு, ஏறிவிடுங்கள். "இந்த ஒரு கண்ணை மட்டும் தைத்துவிட்டு" என்பது வேண்டாம். வலையில் ஓட்டை இருந்தால் மீன் ஓடிவிடும் என்ற பதற்றம் எனக்கும் புரிகிறது. மேலே மாற்றுக் கையுறை ஒரு நிமிடத்தில் இருக்கிறது.

சோதனை எளிது. வெளியுறையை ஊதி, கைப்பகுதியை முறுக்கிப் பிடித்து, வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். குமிழி எழும் இடத்தில் பேனாவால் வட்டம். சிறு துளைக்கு யூரித்தேன் பசை போதும், ஆனால் விரல்நுனியிலும் கவட்டிலும் ஒட்டாதீர்கள். மடங்கும் இடத்தில் ஒட்டு நிற்காது. தூக்கி எறிந்துவிடுங்கள். அதற்காகத்தான் மலிவாக, நிறைய வாங்கச் சொன்னேன்.

ஆகவே இந்த வாரம் பட்டியல் உங்கள் மேசைக்கு வரும்போது அந்த ஒற்றை வரியை வெட்டிவிட்டு, ஆளுக்கொரு வரியாக எழுதிக் கொடுங்கள்: பெயர், உள்ளங்கைச் சுற்றளவு, கை நீளம், போடும் உள்ளுறை, அதோடு பொருந்தும் வெளியுறை எண், சோடி எத்தனை. ஊசி பிடிக்கும் கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலுந்தான் பெரும்பாலும் முதலில் போகும், அதனால் மாரி முடியும்போது வலக்கைக்காரர் ஒவ்வொருவரிடமும் புத்தம் புதிய இடக் கையுறைகள் குவிந்திருக்கும். எறியாதீர்கள். பக்கத்துப் பண்ணையில் உங்கள் எண்ணிலேயே ஓர் இடக்கைக்காரர் இருப்பார். அவரிடம் வலது குவிந்திருக்கும்.

இப்படிக்கு,
மேல்தட்டில் நிற்கும் உங்கள் டெண்டர்